நாற்பதில் வைத்த அலாரம்

என் மாமனார் பூபதி கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். நான் அவருடைய வீட்டோடு மாப்பிள்ளை. இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் நாமக்கல் பக்கத்தில் யாரும் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நான்கு வருடமாகப் பழகியிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் சேலம் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகிற வழியில், ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் மெக்கானிக். என் பெயர் குணசீலன். தேவிப்ரியா உடைந்த டிஸ்ப்ளேயோடு கடைக்கு வந்தாள். மூன்றாவது முறையும் அதே போனை உடைத்துக்கொண்டு வந்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. ஒரே மகள், அம்மா இல்லை. பெண்ணைக் கொடுக்கிறேன், ஆனால் மாப்பிள்ளை பண்ணையிலேயே இருக்க வேண்டும் என்றார் அவள் அப்பா. காதல் மயக்கத்தில் இருந்தவன் தலையை ஆட்டிவிட்டேன். போன வருடம் அவளுக்குச் சேலத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வாரம் முழுக்க அவள் ஹாஸ்டலில், நான் அவள் அப்பாவோடு. பெண்டாட்டியை ஹாஸ்டலில் விட்டுவிட்டு மாமனாரோடு குடித்தனம் நடத்துகிற ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

மாமனார் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடமே. சாப்பிட்டீங்களா மாப்ள, தூங்கினீங்களா மாப்ள என்று வாய் நிறைய மரியாதை. அந்த மரியாதையோடு ஒரு வேலையும் சேர்ந்தே வரும். தண்ணி மோட்டாரைக் கொஞ்சம் பார்த்துவிடுங்க, தீவன லாரி வருது நின்றுகொள்ளுங்க. கத்துகிற மனுஷனிடம் பதிலுக்குக் கத்தலாம். இவரிடம் என்ன செய்வது? "சரிங்க மாமா" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வேறு வார்த்தை மறந்துபோய்விட்டது.

அங்கே எனக்கென்று இருந்த ஒரே பொருள் ஒரு கேம் கன்சோல். இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற வகை. நடுவில் திரை, இரு பக்கமும் பட்டன். சர்வீஸுக்கு வந்து யாரும் திரும்ப வாங்காமல் கிடந்ததைக் கடை முதலாளி கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். அதில் ஒரு லாரி விளையாட்டு. லோடு ஏற்றிக்கொண்டு எந்த ரோட்டில் வேண்டுமானாலும் திரும்பலாம், எந்த ஊரில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். எங்க போறீங்க மாப்ள என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் பழைய கன்சோல். மலை ரோட்டு வளைவு வந்தாலே படம் திக்கித் திக்கி நிற்கும். நிஜத்தில்தான் நகர முடியவில்லை, விளையாட்டிலுமா என்று எரிச்சல் வந்தது. ஒருநாள் அதை ஓவர்கிளாக் செய்தேன்.

பெரிய வித்தை இல்லை. உள்ளே இருக்கிற சிப்பு எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்று கம்பெனி ஒரு கட்டு போட்டிருக்கும், லாரிக்கு ஸ்பீடு கவர்னர் வைக்கிற மாதிரி. அந்தக் கட்டை அவிழ்த்து வேகத்தைக் கூட்டுவதுதான் ஓவர்கிளாக். லாபம், படம் எண்ணெய் போட்டதுபோல் ஓடும். நஷ்டம், மூன்று மணி நேரம் வருகிற பேட்டரி ஒரு மணி நேரத்தில் காலி. சிப்பின் ஆயுசு குறையும். எல்லாவற்றுக்கும் மேல் சூடு. சூடு எல்லை தாண்டினால் கன்சோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும்.

மாமனார் இதைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். சொன்னேன். இருக்கிற வேகத்தில் ஓட்டினால் போதாதுங்களா மாப்ள, ஆயுசு குறைந்துவிடுமல்லவா என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். விடிவதற்கு முன்பே ஷெட்டில் பல்பைப் போட்டு, பொழுது விடிந்துவிட்டது என்று கோழிகளை ஏமாற்றி, கூடுதலாக முட்டை வாங்குகிறவர் இதைச் சொன்னார். என் நாக்கு நுனி வரை வந்தது. வழக்கம்போல் விழுங்கிக்கொண்டேன்.

நாமக்கல் வெயிலில் ஓவர்கிளாக் செய்த கன்சோல் ஏழு நிமிடம்கூடத் தாங்கவில்லை, அணைந்து அணைந்து போனது. அப்போதுதான் எனக்கு முட்டை அறை ஞாபகம் வந்தது.

புரட்டாசி மாதம் பாதி ஜனம் முட்டை தொடாது. கோழிக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். விற்காத முட்டையை வைக்க மாமனார் ஒரு குளிர் அறை கட்டியிருந்தார். தகரத்துக்கு நடுவில் நுரை வைத்த தடித்த சுவர், பத்து டிகிரி குளிர், தரையிலிருந்து கூரை வரை முட்டைத் தட்டு. லைட் சுவிட்ச் வெளியே. உள்ளே செல்போன் சிக்னல் ஒரு கோடுகூட வராது. அந்தக் குளிரில் கன்சோல் பிரமாதமாக ஓடியது. கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு காலி அட்டைத் தட்டை மடித்து இடுக்கில் செருகிவிட்டு, தினமும் அரை மணி நேரம் உள்ளே போய் லாரி ஓட்டுவேன். நாமக்கல்லில் ஊரெல்லாம் வெளியே லாரி ஓட்டுகிறது, நான் மட்டும் முட்டைகளுக்கு நடுவில் ஓட்டினேன்.

அந்த அறையில் என் கைவேலை இரண்டு உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டும் சேர்ந்துதான் என்னைக் கவிழ்த்தன.

முதலாவது, கதவு. வெளியே கொக்கி போட்டிருந்தாலும் உள்ளேயிருந்து அமுக்கினால் திறக்கிற குமிழ் ஒன்று இருந்தது. தட்டு சுமக்கிற ஆட்களின் முதுகு பட்டுக் கதவு திறந்துகொள்கிறது, குளிர் வீணாகிறது, கழற்றிவிடுங்க மாப்ள என்றார் மாமனார். சரிங்க மாமா என்று கழற்றி ஆபீஸ் மேஜை டிராயரில் போட்டேன். இரண்டாவது, அலாரம். அறை சூடானால் பண்ணை முழுக்கக் கேட்கிற மாதிரி சைரனும், மாமனார் போனுக்கு ஒரு அழைப்பும் போகும்படி நானே பொருத்தினேன். உள்ளே தலை உயரத்தில் ஒயரில் தொங்குகிற சின்ன ஸ்டீல் குச்சிதான் சூட்டை அளக்கும். முதலில் பதினைந்து டிகிரியில் கத்தும்படி வைத்திருந்தேன். லோடு ஏற்றக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கத்தியது. நாற்பதில் வையுங்க மாப்ள, பத்து நிமிஷம் தொடர்ந்து இருந்தால் கத்தட்டும் என்றார். நாற்பதில் வைத்தால் அதற்கு அலாரம் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். நாற்பதில் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தேவிப்ரியா சூரமங்கலத்தில் ஒரு வீடு பார்த்திருந்தாள். மாடியில் இரண்டு அறை, கீழே வீட்டுக்கார அம்மா ஹெலன் டீச்சர். புருஷன் பெண்டாட்டி இருவரையும் நேரில் பார்த்துப் பேசினால்தான் சாவி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் வேறு ஆளுக்கு என்று டீச்சர் சொல்லிவிட்டார். சூரமங்கலத்தில் என் பழைய கடை எனக்காகக் காத்திருந்தது. ஒன்றுதான் பாக்கி. நாங்கள் தனியாகப் போகிறோம் என்று மாமனாரிடம் நான் சொல்ல வேண்டும். இதற்கு முன் இரண்டு முறை நாள் குறித்தோம். முதல் முறை முடி வெட்டப் போகிறேன் என்று நாமக்கல் போய்ப் பொழுது சாய்ந்து திரும்பினேன். இரண்டாம் முறை தீவன லாரியில் ஏறி மேச்சேரி வரை போய்விட்டேன். இந்த முறை அவள் போனில் நிதானமாகச் சொன்னாள்.

"ரெண்டு மணிக்கு பண்ணை கேட்டுக்குப் பக்கத்துல வாரேன். பையோட நில்லுங்க. இல்லைன்னா இனி உங்களைக் கூப்பிட மாட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். அந்த நிதானம்தான் பயமுறுத்தியது. காலையிலேயே பையைக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். பதினொன்றரைக்கு மாமனார் ஆபீஸில் தனியாக உட்கார்ந்திருந்தார். போனை அங்கே சார்ஜில் போட்டேன், தொண்டையைச் செருமினேன். அவர் நிமிர்ந்து சிரித்தார். ஒன்றுமில்லைங்க மாமா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இன்னும் நேரம் இருக்கிறது, அரை மணி நேரம் ஆடினால் தைரியம் வரும் என்று கன்சோலை எடுத்துக்கொண்டு முட்டை அறைக்குள் நுழைந்தேன். லைட்டைப் போட்டு, கதவிடுக்கில் தட்டைச் செருகி, தட்டு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து காதில் இயர்போனை மாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் லைட் அணைந்தது. கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு இருட்டிலேயே லாரியை ஓட்டினேன். லோடை இறக்க இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது. இறக்கிவிட்டு இயர்போனைக் கழற்றியபோது தலைக்கு மேல் குளிர் ஊதுகிற ஃபேன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் கரண்ட் போகவில்லை. யாரோ சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். கதவிடம் ஓடினேன். சாத்தியிருந்தது.

பெருமாயி. பண்ணையில் வேலை செய்கிற அம்மாள். ஞாயிற்றுக்கிழமை அரை நாளோடு கிளம்பி மகள் வீட்டுக்குப் போவாள். போகிற போக்கில் கதவு திறந்துகிடக்கிறதே என்று தட்டை உருவி, கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டி, லைட்டையும் அணைத்திருக்கிறாள். குளிர் வீணாகக் கூடாது என்று அவளுக்கு ஆயிரம் தடவை பாடம் நடத்தியவனே நான்தான். அவளை எப்படித் திட்டுவது? திரையில் மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

கத்தினேன். கதவை உதைத்தேன். குமிழ் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது; அதில் விரலை விட்டு நோண்டி நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அந்தச் சுவர் சத்தத்தை வெளியே விடாது. ஐப்பசி பிறந்து முட்டை விலை ஏறினால்தான் இந்தக் கதவைத் திறப்பேன் என்று மாமனார் முந்தாநாள்தான் சொல்லியிருந்தார். ஐப்பசிக்கு ஒன்பது நாள் இருந்தது. காணோம் என்று தேடுவார்களா? மாட்டார்கள். நாமக்கல்லுக்கும் மேச்சேரிக்கும் ஓடிப்போனவனை எதற்குத் தேடுவார்கள்? தேவிப்ரியா கேட்டில் நின்று பார்ப்பாள், மூன்றாவது முறையும் நழுவிவிட்டான் என்று முடிவு கட்டுவாள், வந்த வழியே போய்விடுவாள். குளிரைவிட அந்த நினைப்புத்தான் என்னை நடுங்கவைத்தது. லுங்கியும் சட்டையும் தோளில் ஒரு துண்டும்தான் என் உடம்பில் இருந்தன. துண்டைப் போர்த்திக்கொண்டு முட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

அழுது முடித்தபோது அலாரம் ஞாபகம் வந்தது. எழுந்து தடவி அந்த ஸ்டீல் குச்சியைப் பிடித்தேன். உள்ளங்கையில் பொத்தினேன், அக்குளில் வைத்தேன். பிறகுதான் புத்தி வேலை செய்தது. மனுஷ உடம்புச் சூடு முப்பத்தேழு, அலாரம் நாற்பது. எனக்கு டைபாய்டு வந்திருந்தால் தப்பித்திருப்பேன். ஒயரைப் பிடுங்கினாலும் வெளியே இருக்கிற மீட்டரில் எண் மறையுமே தவிர அது கத்தாது. வாங்கும்போதே தெரியும், மலிவான சாமான்.

நாற்பதைத் தாண்டுகிற ஒரே பொருள் என் கையில் இருந்தது.

பேட்டரி முப்பத்தொரு சதவீதம். வேகத்தைக் குறைத்துத் திரையை மங்கலாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். முழு வேகத்தில் விட்டால் இருபது நிமிடம், அப்புறம் இருட்டு. யோசிக்கக்கூட பயமாக இருந்தது, அதனால் யோசிக்கவில்லை. முழு வேகத்தில் மலை ரோட்டில் லாரியை விட்டு, கன்சோலின் காற்று வெளியேறும் வாயில் குச்சியைச் செருகி, மேலே துண்டைச் சுற்றிக் கட்டினேன். கைக்குச் சூடு ஏறியது. ஆறாவது நிமிடம் கன்சோல் அணைந்துவிட்டது. தன்னைக் காத்துக்கொண்டதாம். நான்கு வருடமாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மறுபடி உயிர் கொடுத்தபோது இருபத்திரண்டு சதவீதம், மணி ஒன்று ஐம்பது. அமைப்புகளுக்குள் போய் அந்தக் காவலையும் எடுத்தேன். கன்சோல் நிரந்தரமாகப் பழுதாகலாம், பேட்டரி தீப்பிடிக்கலாம் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. இதுவரை தொடாத எண் வரை வேகத்தை ஏற்றினேன். துண்டை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, மணியைப் பார்க்க மட்டும் ஒரு ஓரத்தைத் திறந்து வைத்தேன்.

ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. குளிர் மெஷினுக்கும் சூட்டைச் சொல்வது அதே குச்சிதான். குச்சி சூடானால் அறையே சூடாகிவிட்டது என்று குளிர் மெஷின் நினைத்துக்கொள்ளும். அது ஊளையிட்டபடி முழு வேகத்தில் ஓட ஆரம்பித்தது. மேலிருந்து குளிர் கொட்டியது. பல் கிட்டிப்போனது, கால் விரல்கள் இருக்கிற உணர்வே போய்விட்டது. கையில் இருந்தது மட்டும் பிடிக்க முடியாமல் கொதித்தது. விட்டால் குச்சி நழுவும். விடவில்லை.

இரண்டு மணி ஆவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்று ஐம்பத்தொன்பது என்பது இரண்டு என்று மாறியது. அவள் இப்போது கேட்டில் நிற்கிறாள். முந்நூறு அடி தூரத்தில். தேவி, ஓடிப்போகவில்லை, உள்ளேதான் இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். இரண்டு மணி மூன்று நிமிடத்தில் கன்சோலின் முதுகு உப்பி என் விரல்களைத் தள்ளியது, பேட்டரி வீங்குகிறது. இனிப்பும் புகையும் கலந்த ஒரு வாடை வந்தது. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டேன். இரண்டு மணி ஆறு நிமிடத்தில் திரை செத்தது.

முழு இருட்டு. சூடு பத்து நிமிடம் தொடர்ந்து இருந்ததா என்று எனக்குத் தெரியாது. சைரன் அடித்தாலும் உள்ளே கேட்காது. ஆறிக்கொண்டே போகிற அந்தப் பெட்டியை அணைத்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

கதவு திறந்தது. வெயில் கண்ணில் அறைந்தது. மாமனார் செருப்புக்கூட இல்லாமல் மூச்சு வாங்க ஓடிவந்து, என்னை இடித்துக்கொண்டு தாண்டிப்போய், தட்டுகளில் இருந்த முட்டைகளை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"முட்டை சில்லுனுதானுங்க இருக்குது" என்றார், யாரிடமோ. பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

வாசலில் தேவிப்ரியா நின்றிருந்தாள். தோளில் பை. அவள் ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டாளாம். பதினொரு முறை எனக்குப் போன் போட்டிருக்கிறாள். ஆபீஸில் சார்ஜில் கிடந்த என் போன் அடித்துக்கொண்டே இருந்ததால், கண் அயர்ந்திருந்த மாமனார் அதைச் சைலண்டில் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டார். தேடச் சொல்லி அவள் நேரில் வந்து எழுப்பியும் எழாதவர், சைரன் கேட்டதும் துள்ளி எழுந்து ஓடியிருக்கிறார். அப்பா அப்படி ஓடி அவள் பார்த்ததே இல்லையாம்.

அவள் நீலம் பாரித்த என் உதட்டைப் பார்த்தாள், கையில் இருந்த வீங்கிய கன்சோலைப் பார்த்தாள். செல்போன் கடைக்காரன் பெண்டாட்டி, அவளுக்குப் புரிந்துவிட்டது. துப்பட்டாவை எடுத்து என் மேல் போர்த்திவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"இவரைத் தேடுங்கப்பான்னு எத்தனை தடவை சொன்னேன்? முட்டைக்கு இந்த ஓட்டம் ஓடுறீங்க."

மாமனார் கையில் இருந்த முட்டையைத் தட்டில் வைத்தார்.

"மாப்ள எங்க போயிரப் போறாருன்னு இருந்துட்டேன் சாமி" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவர் நினைத்தது அவ்வளவுதான், அதை நினைக்க வைத்தவனும் நான்தான். நான்கு வருடமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை பல் நடுக்கத்தோடு வெளியே வந்தது.

"நாங்க சேலம் போறோமுங்க மாமா. அங்கயே ஊடு பாத்தாச்சு. இன்னைக்கே போறோம்."

மகள் தோளில் தொங்கிய பையை மாமனார் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்க என்றார்.

சேலம் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. கன்சோலை மணல் வாளிக்குள் புதைத்தேன். வீங்கிய பேட்டரியை வேறெதுவும் செய்யக் கூடாது. வெயிலில் நின்று உடம்பில் உயிர் வந்த பிறகு ஆபீஸுக்குப் போய் டிராயரைத் திறந்தேன். குமிழ் அப்படியே கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு முட்டை அறைக்குத் திரும்பினேன். மாமனார் பின்னாலேயே வந்தார்.

"நீங்கதான் போறீங்களே, அப்புறம் எதுக்குங்க மாப்ள அது?"

"இனி இதுக்குள்ள தனியாப் போறது நீங்கதானுங்க மாமா."

குமிழை மாட்டி முடித்தேன். அலாரத்தை நாற்பதிலிருந்து பதினைந்துக்கு இறக்கினேன், அவரைக் கேட்காமல். பிறகு நான் உள்ளே போய்த் தேவிப்ரியாவை வெளியேயிருந்து கொக்கி மாட்டச் சொன்னேன். குமிழை அமுக்கினேன், கொக்கி விட்டுக்கொடுத்துக் கதவு திறந்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தேன்.

மூன்றாவது முறை மாமனார் தானாகவே உள்ளே போனார். மாட்டுங்க என்று சைகை காட்டினார். மாட்டினோம். நாங்கள் இருவரும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் உடனே திறக்கவில்லை. அந்த இருட்டில் அரை நிமிடமாவது நின்றிருப்பார்.

கதவு திறந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"சரியாத்தான் இருக்குதுங்க மாப்ள" என்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பையை எடுங்க."